சட்டையைப் பார்த்துச் சீட்டாடிய மூன்று ராத்திரி

மேஜையில் விட்டது 1,26,000 ரூபாய். விமானம், ரூம், சாப்பாடு என்று இன்னொரு 22,000. வீட்டில் ஆபீஸ் ட்ரெயினிங் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பியவன், பர்ஸில் 2,000 ரூபாயோடு சென்னையில் வந்து இறங்கினேன். ஆன்லைனில் நாலைந்து வருஷம் போக்கர் ஆடிவிட்டு, "நேர்ல ஆடுறது இன்னும் ஈசி மச்சி, ஆள் மூஞ்சியப் பாத்தே சொல்லிடலாம்" என்று கோவாவுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர் இருக்கிறார்கள். போன நவம்பர் வரை நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. 20 பேர் சேர்ந்து மாதம் 10,000 கட்டும் ஏலச்சீட்டு. பதினோராவது மாதம் 30,000 தள்ளி எடுத்தேன். கைக்கு 1,70,000 வந்தது. மொட்டை மாடி ஒழுகுகிறது, அதற்குத் தளம் போடத்தான் எடுத்தது. அதில் 20,000-ஐ மனைவியிடம் அட்வான்ஸுக்கு என்று கொடுத்துவிட்டு மீதியைப் பையில் வைத்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் இரட்டிப்பாக வைக்கலாம் என்பது கணக்கு.

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடாளுமன்றம் தடை செய்ததும் நான் ஆடிய ஆப் மேஜைகளை மூடிவிட்டது. அதுவரை சின்னத் தொகைக்கு ஆடி, வருஷக் கணக்கில் பார்த்தால் கொஞ்சம் லாபத்தில்தான் இருந்தேன். ஆனால் அந்த லாபம் எதனால் வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. ஆப்பில் எதிராளியின் பெயரைத் தட்டினால், நூறு கைக்கு (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) எத்தனை கையில் அவன் பணம் போட்டு உள்ளே வருகிறான் என்று ஒரு எண் காட்டும். 15 என்றால் பொறுக்கி எடுத்து ஆடுகிறவன். 50 என்றால் எதைக் கொடுத்தாலும் ஆடுகிறவன். ஆள் கறுப்பா சிவப்பா என்றே தெரியாது, அந்த எண் போதும். நாலு மேஜை திறந்து வைத்தால் இரண்டு மணி நேரத்தில் 600 கை பார்த்துவிடலாம். நேரில் ஒரு மணி நேரத்துக்கு டீலர் 25, 30 கை போட்டால் அதிகம். மூன்று ராத்திரியில் நான் பார்த்த மொத்தக் கையே 650-ஐத் தாண்டியிருக்காது. அதில் ஒரு குறிப்பிட்ட ஆள் தன் சீட்டைத் திருப்பிக் காட்டியது ஏழெட்டு முறை இருந்தால் பெரிய விஷயம். எண் இருந்த இடம் காலியாக இருந்ததால், அந்த இடத்தில் நான் ஆளின் சட்டையை வைத்தேன். மூன்று ராத்திரியும் செய்த தப்பு இந்த ஒன்றுதான். தினமும் வேறு வேறு வேஷத்தில் வந்தது.

பணஜியில் படகுத்துறைக்குப் போனால் சின்னப் படகில் ஏற்றி, மாண்டவி ஆற்றுக்கு நடுவில் நிற்கும் கேசினோ கப்பலில் விடுவார்கள். கீழ்த் தளத்தில் பாட்டு, ஆட்டம், பஃபே. போக்கர் மேஜைகள் தனியாக ஒரு மூலையில். நான் உட்கார்ந்தது 100-200 பிளைண்ட் மேஜை (ஒவ்வொரு கையிலும் சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகக் கட்ட வேண்டிய தொகை அது), ஒன்பது பேர், 20,000 கட்டி உள்ளே போனேன். போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டில் கேரம் காய்களை வைத்து, இரண்டு அடுக்கை ஒரே கையால் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கலக்கும் வித்தையைப் பழகியிருந்தேன். பெரிய ஆட்டக்காரர்கள் வீடியோக்களில் செய்வார்களே, அது. உட்கார்ந்ததும் பணத்துக்குப் பதிலாகத் தரும் வில்லைகளை, சிப்ஸை, எடுத்துக் கரகரவென்று கலக்கினேன். பக்கத்தில் இருந்தவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சந்தோஷமாக இருந்தது. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

எனக்கு எதிர் நாற்காலியில் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுப் பையன். தலையை மூடிய ஹூடி, கழுத்தில் பெரிய ஹெட்ஃபோன், ராத்திரி பதினோரு மணிக்குக் கறுப்புக் கண்ணாடி. சிப்ஸைக் கலக்குவதில் எனக்கு அவன் குருவாக இருக்கலாம். பக்கத்து ஆளிடம் ரேஞ்ச், சால்வர் என்று போக்கர் கலைச்சொல்லாகப் பேசிக்கொண்டிருந்தான். பார்த்த மாத்திரத்தில் 'இவன்கிட்ட மோதக் கூடாது' என்று முடிவு செய்துவிட்டேன். அரை மணி நேரத்தில் எனக்கு ராணி ஜோடி வந்தது. 800-க்கு ஏற்றினேன், அவன் 2,600 ஆக்கினான், கால் செய்தேன், அதாவது நானும் அதே தொகையைக் கட்டினேன். எல்லாருக்கும் பொதுவாகத் திருப்பி வைக்கும் முதல் மூன்று சீட்டான ஃப்ளாப்பில் ஜாக், 7, 3. அவன் 4,000 கட்டினான், அதற்கும் கால். நாலாவது பொதுச் சீட்டான டர்னில் ஒரு 4. யோசிக்காமல் மொத்தத்தையும் தள்ளினான். என்னிடம் இன்னும் 13,400 இருந்தது. இதே கையை ஆப்பில், 50 என்று எண் காட்டும் ஒருவன் இப்படி ஆடியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கால் செய்திருப்பேன். இங்கே அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தேன், ராஜா ஜோடியோ ஆஸ் ஜோடியோ வைத்திருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ராணிகளைக் கீழே போட்டேன். அவன் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினான். இரண்டே இரண்டு 6! மிரட்டியிருந்தால்கூட மதித்திருப்பேன். "உன்கிட்ட ஆஸ்-ராஜா இருக்குன்னு நினைச்சேன், என்னோடதுதான் பெரிசு" என்றான். அதாவது முழு நம்பிக்கையோடு தப்பாக ஆடியிருக்கிறான். அடுத்த இரண்டு மணி நேரத்தில் அதே பையன் கீழ் ஜோடியோடு மூன்று பேருக்குக் கால் செய்து, மூன்று தடவை புதிதாகப் பணம் கட்டினான். எல்லாரும் அவனிடம் சாப்பிட்டார்கள். நான் மட்டும் பயந்து ஒதுங்கியே இருந்தேன். அன்றைக்கு எனக்கு 28,000 நஷ்டம்.

ரூமுக்கு வந்து யோசித்தபோது உறைத்தது இதுதான். கண்ணாடி, ஹூடி, சிப்ஸ் கலக்கல், வாயில் வரும் கலைச்சொல் எல்லாமே கடையில் வாங்கக்கூடியவை, இல்லையென்றால் வீட்டில் கேரம் காயை வைத்துப் பழகக்கூடியவை. நானே பழகியிருக்கிறேனே! அதே வித்தையை இன்னொருத்தன் செய்தால் அவன் ஏன் எனக்குப் பெரிய ஆளாகத் தெரிந்தான்? 2003-ல் லாஸ் வேகஸில் நடந்த போக்கர் உலகத் தொடரின் முக்கியப் போட்டியில் 839 பேர் ஆடினார்கள். கடைசியில் மிஞ்சிய இருவரில் ஒருவர் சாமி ஃபர்ஹா, கோட்டு சூட்டோடு, பற்ற வைக்காத சிகரெட் வாயில் தொங்க, தொழில்முறைச் சூதாடி எப்படி இருப்பார் என்று நினைப்போமோ அச்சு அசல் அப்படி. எதிரில் டென்னஸியைச் சேர்ந்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கர், தொப்பியும் கண்ணாடியுமாக, ஆன்லைனில் சின்னத் தொகைக்குத் தகுதிச் சுற்று ஜெயித்து வந்தவர். மணிமேக்கர் கையில் ஒன்றுமே இல்லாமல் மொத்தத்தையும் தள்ளியபோது, ஒன்பதில் ஒரு ஜோடி வைத்திருந்த ஃபர்ஹா சீட்டைக் கீழே போட்டுவிட்டார். 25 லட்சம் டாலர் கணக்கருக்குப் போனது. இந்தக் கதை எனக்கு ஏழெட்டு வருஷமாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

அதே மேஜையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் இருந்தார். மூக்குக் கண்ணாடி, காட்டன் குர்தா. ஒவ்வொரு முறையும் டீலரிடம் "எவ்வளவு ஆச்சு?" என்று பாட் தொகையை, அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் மொத்தப் பணத்தைக் கேட்பார், சிப்ஸை ஒவ்வொன்றாக எண்ணி வைப்பார். கணவருக்காகக் காத்திருப்பவர், பொழுதுபோகாமல் ஆடுகிறார் என்று நினைத்து மூன்று பேர் அவரை மிரட்டிப் பார்த்தார்கள். மூன்று பேரும் பணத்தை இழந்தார்கள். 2018-லேயே நம் ஊர்ப் பெண் நிகிதா லூத்தர் உலகத் தொடரில் ஜெயித்தவர்களுக்குத் தரும் பிரேஸ்லெட்டை வாங்கிவிட்டார், இன்னும் நம் ஆட்கள் பெண் என்றால் பயந்துவிடுவார் என்றே நினைக்கிறார்கள். அவர் பாட் தொகையைக் கேட்டது தெரியாததால் இல்லை, கணக்குப் போடுவதற்கு. இந்த ஒரு ஆளை மட்டும் நான் சரியாகக் கணித்தேன். அந்தப் பெருமையிலேயே இரண்டாவது நாள் இன்னும் பெரிய குழியில் விழுந்தேன்.

இரண்டாவது ராத்திரி நாயகன் ஒரு கல்யாணக் கோஷ்டியோடு வந்தவர். விரல் மொத்தத்துக்குக் கழுத்துச் சங்கிலி, கையில் விஸ்கி, சீட்டைப் பார்க்காமலேயே 1,000 ஏற்றுவார், தோற்றாலும் சிரிப்பார். எல்லாக் கையிலும் வருகிற ஆள், திறமை பூஜ்யம். என் கணிப்பில் தப்பே இல்லை. ஒன்றரை மணி நேரம் அவர் கொட்டிக்கொண்டே இருந்தார், நானும் கொஞ்சம் அள்ளினேன், என் எதிரில் 31,000 சேர்ந்தது. அப்போது எனக்கு ஆஸ்-ஜாக் வந்தது. அவர் வழக்கம்போல 1,000. நான் கால். ஃப்ளாப்பில் ஜாக், 8, 4. மேல் ஜோடி எனக்கு. அவர் 2,000 கட்டினார், நான் 6,000 ஆக்கினேன், அவர் எல்லாவற்றையும் தள்ளினார். தள்ளும்போது கை நடுங்கி இரண்டு சிப்ஸ் உருண்டு என் பக்கம் வந்தது. நடுங்குகிறான், பொய் சொல்கிறான், குடித்திருக்கிறான், இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று கால் செய்தேன். ஆஸ் ஜோடியைத் திருப்பி வைத்தார்.

பிறகு மனதுக்குள் அந்தக் கையை நூறு தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு கையில் அவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார், அதற்கு முன்பு பார்த்ததே இல்லை. பாதி சொல்லிக்கொண்டிருந்த ஜோக்கை நிறுத்தினார். விஸ்கி கிளாஸைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் என் கண் பார்த்தது. ஆனால் 'ஒன்றும் தெரியாத ஆள்' என்று ஒரு சீட்டை அவர் நெற்றியில் ஒட்டிவிட்டிருந்ததால் மண்டை அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஆஸ் ஜோடி யாருக்கும் சராசரியாக 221 கைக்கு ஒருமுறை வரும். குடித்தவனுக்கும் அதே 221-தான். ஒருவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பது ஒரு கேள்வி, இந்தக் கையில் அவரிடம் என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் சரியான விடையை எழுதி வைத்துக்கொண்டு அதையே இரண்டாவதற்கும் எழுதினேன்.

நடுக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேரில் நிறைய ஆடியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பெரிய சீட்டு வந்த சந்தோஷத்தில்தான் புதியவர்களுக்குக் கை நடுங்கும். பொய் சொல்கிறவன் பெரும்பாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருப்பான். ஊர் திரும்பிய பிறகு படித்தது இன்னொன்று: 2013-ல் மைக்கேல் ஸ்லீபியன் என்ற உளவியல் ஆய்வாளரும் கூட்டாளிகளும் உலகத் தொடர் ஆட்ட வீடியோக்களை வெட்டி மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். ஆட்டக்காரரின் முகத்தை மட்டும் பார்த்தவர்களால் சீட்டு நல்லதா மோசமா என்று சொல்ல முடியவில்லை. சிப்ஸைத் தள்ளும் கையை மட்டும் பார்த்தவர்கள் குருட்டு அதிர்ஷ்டத்தைவிடக் கொஞ்சம் மேலாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் மூன்று ராத்திரியும் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த 31,000 போனதும் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. மறுபடியும் பணம் கட்டி, அந்த மனிதரைத் துரத்தித் துரத்தி ஆடி, நாற்பது நிமிஷத்தில் அதையும் விட்டேன். அவர் இடத்தைவிட்டு எழுந்து போன பிறகும் காலி நாற்காலியை முறைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று முடிவு செய்து, அந்தத் தொகையை மட்டும் கப்பலுக்கு எடுத்துப் போங்கள். மீதி ரூமில் இருக்கட்டும். படகு பிடித்துப் போய் எடுத்து வர வேண்டும் என்றால் பாதிக் கோபம் ஆற்றிலேயே ஆறிவிடும்.

மூன்றாவது ராத்திரி எனக்கு வலது பக்கம் வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனா, முன்னால் ஒரு பிளாஸ்டிக் கவரில் மாத்திரைகள், டீ. என் போனில் மனைவி பேசியதைக் கேட்டுவிட்டு, "தம்பி சென்னைங்களா?" என்றார். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறாராம், வருஷத்துக்கு ஒருமுறை வருவாராம். வயது அறுபத்தைந்து இருக்கும். இரண்டு மணி நேரத்தில் ஏழெட்டுக் கைதான் ஆடினார். தமிழ் கேட்ட சந்தோஷத்தில் எனக்கு மனசு இளகிவிட்டது. வயசானவர், பொறுக்கி ஆடுகிறார், பெரிதாகக் கட்டினால் ஓடிவிடுவார் என்று எழுதி முடித்தேன்.

மெல்ல மெல்லக் கரைந்து, கொண்டுவந்த 47,000-ல் 29,000 மிச்சம் இருந்தபோது எனக்கு ஆட்டினில் (ஹார்ட்ஸில்) 9, 8 வந்தது. 1,000-க்கு நாலு பேர் ஃப்ளாப் பார்த்தோம்: ஆட்டின் ராஜா, ஸ்பேடு 10, ஆட்டின் 4. இன்னொரு ஆட்டின் வந்தால் ஐந்து சீட்டும் ஒரே இனமாகி ஃப்ளஷ், இரண்டு சீட்டு பாக்கி, நூற்றுக்கு 35 வாய்ப்பு. 3,000 கட்டினேன், ஐயா மட்டும் வந்தார். டர்னில் ஒன்றும் இல்லை, 7,000 கட்டினேன், வந்தார். கடைசிச் சீட்டான ரிவரிலும் ஒன்றும் இல்லை. மீதி 18,000-ஐயும் தள்ளினேன். அவர் சீட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. என் கையை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு 18,000-ஐ எண்ணி வைத்தார். அவரிடம் இருந்தது பத்தில் வெறும் ஒரு ஜோடி.

விடிகாலை ஐந்து மணிக்குப் படகுக்கு நிற்கும்போது அவரே டீ வாங்கிக் கொடுத்தார். கேட்டுவிட்டேன். "ஐயா, அந்தக் கைல எப்படிக் கால் பண்ணீங்க?"

"நீங்க வந்து உக்காந்ததுல இருந்து அந்தச் சிப்ஸ வெச்சு கரகரன்னு ஆட்டிட்டே இருந்தீங்க தம்பி. எனக்குத் தலவலியே வந்துருச்சு. மூணு தடவதான் சத்தம் நின்னுச்சு. முதல் ரெண்டு தடவையும் நீங்க பொய் சொல்லி மாட்டிக்கிட்டீங்க. மூணாவது தடவ நின்னப்ப நான் காசு வெச்சேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே தொடர்ந்தார். "எனக்கு நாப்பது வருசமா கடன் குடுத்து வாங்கற தொழிலுங்க. சட்டையப் பாத்துக் குடுத்திருந்தா பட்டறைய எப்பவோ வித்திருக்கோணும். மொதப் பாக்கிய எப்பிடிக் கட்டறான்னு பாத்துட்டுத்தான் ரெண்டாவது."

விமானத்தில் அந்த 'மொதப் பாக்கி' மனசிலேயே ஓடிக்கொண்டிருந்தது. மேஜையில் அதற்கு இணை, ஆள் திருப்பிக் காட்டும் சீட்டு. யார் கடைசியில் என்ன காட்டினார், அதை வைத்துக்கொண்டு முதலில் எவ்வளவு கட்டினார், நடுவில் எவ்வளவு, இந்த இரண்டையும் சேர்த்து ஞாபகம் வைத்தால் ஒரு ஆளைப் பற்றி ஒரு மணி நேரத்தில் ஹூடியைவிட அதிகம் தெரிந்துவிடும். நான் ஒதுங்கிய கையில் பெரும்பாலும் போனைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன், அந்த நேரம்தான் பாடம் நடந்த நேரம். இன்னொன்று, கட்டும் தொகை. பாட் தொகை 1,000 இருக்கும்போதும் 10,000 இருக்கும்போதும் ஒரே 500-ஐக் கட்டுகிறவர் எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடி போட்டிருந்தாலும் ஆட்டம் தெரியாதவர். ஏற்றாமல் சும்மா 200-ஐப் போட்டு ஒவ்வொரு கையிலும் நுழைகிறவரும் அப்படித்தான். தன் முறை வருவதற்கு முன்பே சீட்டைக் கீழே போடத் தூக்கிப் பிடித்திருப்பவர்கள் நிறைய. உங்களுக்குப் பிறகு ஆட வேண்டிய இரண்டு பேரைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள், அது இலவசமாகக் கிடைக்கும் தகவல். கண்டபடி பணம் கட்டும் ஆள் இருந்தால் அவருக்கு இடப்பக்க நாற்காலியைக் கேட்டு வாங்குங்கள், அவர் ஆடிய பிறகுதான் நீங்கள் ஆடுவீர்கள். ஒதுங்கிய பிறகும் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவர் யார் என்று கவனியுங்கள். அந்த மூன்று ராத்திரியில் நான் பயந்திருக்க வேண்டிய ஆட்கள் காட்டன் குர்தா அம்மாவும் கரூர் ஐயாவும். இரண்டு பேர் கையிலும் நான் போனைப் பார்த்ததே இல்லை.

அப்புறம், உங்களுக்குத் தெரியாமல் உங்கள் கை என்ன செய்கிறது என்று கூட வரும் நண்பனிடம் கேளுங்கள். நான் தனியாகப் போனவன். எனக்குச் சொல்ல ஆள் இல்லை, சொன்னவர் 29,000 வாங்கிக்கொண்டுதான் சொன்னார்.

சென்னையில் இறங்கும்போது நல்ல மழை. வீட்டுக்குள் நுழைந்தால் ஹாலில் இரண்டு பக்கெட், ஒரு அண்டா. மேலே இருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. "மேஸ்திரி வந்து பாத்துட்டுப் போனாருங்க, மழை நின்னதும் ஆரம்பிக்கலாமாம், பணம் ரெடியா வெச்சிக்கச் சொன்னார்" என்றாள். அன்றைக்குச் சொல்லவில்லை, நாலு நாள் கழித்துச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். "எந்தச் சீட்டுல போட்டு எந்தச் சீட்டுல விட்டீங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு, அண்டாத் தண்ணீரைக் கொட்டப் போனாள். ஒரு வாரம் பேசவில்லை.

சீட்டுக்கு அப்போது 9 தவணை பாக்கி இருந்தது, 7 இருக்கிறது இப்போது. மாடிக்கு இந்த வருஷம் தார்பாய்தான்.